மெர்லின் செயலி: நகரப் பூங்காவில் குளிர்காலத்துக்கு எது உதவும், எது உதவாது

பறவை பார்க்கத் தொடங்கும் எவருக்கும் இன்று முதலில் கிடைக்கும் யோசனை மெர்லினைக் கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். அமெரிக்காவின் இத்தாக்கா நகரில் இயங்கும் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014இல் வெளியிட்ட இந்தச் செயலிக்கு விலையும் கிடையாது, விளம்பரத் தொல்லையும் கிடையாது. பெயர் தெரியாத ஒரு பறவையின் பெயரை அறிய இது மூன்று வழிகளைத் தருகிறது. ஐந்து கேள்விகளுக்கு விடை சொல்லலாம். எடுத்த படத்தைக் காட்டலாம். அல்லது கைபேசியை நீட்டி, காற்றில் வரும் குரலைக் கேட்கவைக்கலாம். கேள்வி கேட்கும் வழி தொடக்கத்திலேயே இருந்தது. குரலை அறியும் ‘சவுண்ட் ஐடி’ 2021இல்தான் சேர்ந்தது. செயலிக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது கடைசியாகச் சொன்னதுதான் என்பதால், பலரும் மெர்லின் என்றாலே குரல் அறியும் செயலி என்றுதான் நினைக்கிறார்கள், மற்ற இரண்டையும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நகரப் பூங்கா, குளிர்காலம் என்ற இரண்டு எல்லைகளுக்குள் வைத்து இச்செயலியைப் பார்க்கும் இந்த மதிப்புரையில் நான் சொல்ல வருவது, இந்த எல்லைகளுக்குள் அந்தப் புகழ் வரிசை தலைகீழாகிவிடுகிறது என்பதையே. புகழ்பெற்ற வசதி இங்கே தடுமாறுகிறது. யாரும் சீந்தாத பழைய கேள்விப் பகுதி மிக நன்றாக வேலை செய்கிறது.

குளிர்காலமும் நகரப் பூங்காவும் ஏன் சேர்த்துப் பேசப்பட வேண்டும் என்று கேட்கலாம். கட்டடங்களும் சாலைகளும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் விடுவதால் நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றே வெதுவெதுப்பாக இருக்கிறது. பனி உறையும் நாடுகளில் வெளியே ஏரிகள் கட்டியாகிவிட்ட பிறகும் பூங்காக் குளத்தின் ஒரு மூலையிலாவது நீர் திறந்திருக்கிறது. அந்த மூலையில் வாத்துகளும் நாமக்கோழிகளும் நெருக்கியடித்துக்கொண்டு கூடும். வெப்ப நாடுகளின் நகரங்களுக்கோ வடக்கிலிருந்து வலசை வருகின்ற கதிர்க்குருவிகள், வாலாட்டிகள், உள்ளான்கள் இந்த மாதங்களில்தான் வந்து தங்குகின்றன. இலை உதிர்ந்த மரத்தில் பறவை ஒளிய இடமில்லை. மனிதர்கள் நடமாடும் இடத்தில் பழகிய பறவைகள், காட்டில் ஐம்பதடிக்கு அப்பால் பறந்துவிடுபவை, இங்கே பத்தடி வரை நெருங்கவிடுகின்றன. சூரியன் தாமதமாக எழுவதால், விடியற்காலை எழுந்து ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை. நீண்ட இரவின் பட்டினியைத் தீர்க்கப் பறவைகள் மும்முரமாக இரைதேடும் அந்த முதல் இரண்டு மணி நேரம், வேலைக்குப் போகிறவரின் காலை நடைக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. சுருக்கமாக, கண்ணுக்கு விருந்தான பருவம்; காதுக்கு அவ்வளவு இல்லை. மெர்லினின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் சவுண்ட் ஐடி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதன் குறையும் அந்த வேலைமுறையிலிருந்தே வருகிறது. கைபேசியின் மைக் வாங்கும் ஒலியைச் செயலி ஒரு படமாக மாற்றுகிறது: இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி, அழுத்தம் கூடக் கூடக் கறுப்பு. குயிலின் கூவல் அதில் மேலேறும் வளைவாகத் தெரியும். குருவியின் கீச்சொலி குட்டையான செங்குத்துக் கோடாகத் தெரியும். இப்படிப் பதிவான ஏராளமான குரல்களின் படங்களைக் காட்டிக் கணினிக்குப் பயிற்சி அளித்திருக்கிறார்கள். எனவே செயலி உண்மையில் கேட்பதில்லை, படத்தைப் பார்த்துப் பொருத்துகிறது. பொருத்தம் கிடைத்ததும் பறவையின் பெயர் திரையில் தோன்றுகிறது, அதே பறவை மீண்டும் குரல் கொடுக்கும்போது அந்தப் பெயர் ஒளிர்கிறது. நான்கைந்து பறவைகள் ஒரே சமயத்தில் குரல் கொடுத்தாலும் ஒவ்வொரு பெயராக மின்னி மின்னி அடங்குவதைப் பார்க்கும்போது, எந்தக் குரல் யாருடையது என்பது காதில் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு இணைய இணைப்பும் தேவையில்லை. வசந்த காலத்தின் காலைப் பொழுதில் இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் பாட்டு என்பது பெரும்பாலான பறவைகளுக்கு இணை தேடுவதற்கும் எல்லையைக் காப்பதற்குமான கருவி. பகல் நீளும்போது உடலில் சுரக்கும் இயக்குநீர்களே அதைத் தூண்டுகின்றன. குளிர்காலத்தில் அந்தத் தேவை இல்லாததால் பாட்டு அடங்கி, அழைப்பொலிகள் மட்டும் எஞ்சுகின்றன: கூட்டத்தோடு தொடர்பு அறுந்துவிடாமலிருக்க ஒரு ‘ச்சிப்’, பருந்தைக் கண்டால் மெல்லிய ஒரு சீழ்க்கை, மேலெழும்பிப் பறக்கும்போது ஒரு ‘டிஸ்ஸிக்’. நீண்ட பாட்டில் ஏற்ற இறக்கம், இடைவெளி, திரும்பத் திரும்ப வரும் சொல் என்று இனத்தைக் காட்டும் அடையாளங்கள் பல உண்டு. நொடியில் பத்தில் ஒரு பங்கே நீளும் ‘ச்சிப்’பில் அவ்வளவு எழுதிவைக்க இடமில்லை. கதிர்க்குருவிகளின் அழைப்பொலிகளைப் பிரித்தறிய நெடுநாள் அனுபவம் உள்ளவர்களே இரண்டாம் முறை கேட்கக் காத்திருப்பார்கள். அதே ஒலியைக் கொண்டு செயலி மட்டும் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஐரோப்பிய ராபின் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அது குளிர்காலத்திலும் ஆணும் பெண்ணுமாகத் தனித்தனி எல்லை வகுத்துக்கொண்டு பாடும், அதை மெர்லின் உடனே சொல்லிவிடும். அப்படி ஒன்றிரண்டைத் தவிர்த்தால், இந்தப் பருவத்தில் சவுண்ட் ஐடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவர் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமே அதிகம்.

நகரத்தின் இரைச்சல் இதற்கு மேல் ஒரு சுமை. வாகனப் போக்குவரத்தின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருப்பதால், செயலி வரையும் படத்தின் அடிப்பகுதி முழுவதும் கரி பூசியதைப் போலக் கறுத்துவிடுகிறது. ஆந்தை, காட்டுப்புறா, செம்போத்து போன்ற கனத்த குரல்காரர்கள் அந்தக் கறுப்புக்குள் மூழ்கிவிடுகிறார்கள். உயர்ந்த சுருதியில் பேசும் சிறு பறவைகள் தப்பித்து மேலே தெரிகின்றன. பறவைகளே இதற்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொள்வது வியப்புக்குரியது: நெதர்லாந்தின் லைடன் நகரில் இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக் குருவிகள் தங்கள் பாட்டின் தாழ்ந்த பகுதியைத் தூக்கிப் பாடுகின்றன என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. செயலியை வைத்திருப்பவர் செய்யக்கூடியது எளிது. சாலைக்கும் தனக்கும் இடையில் ஒரு சுவரோ அடர்ந்த புதரோ இருக்குமாறு நிற்க வேண்டும், மைக் இருக்கும் முனையைப் பறவை இருக்கும் பக்கம் திருப்ப வேண்டும், கைபேசியைச் சட்டையில் உரசவிடாமல் அசையாது பிடிக்க வேண்டும். இவ்வளவு செய்தும் வரும் பெயரை, அங்கே போய்ப் பார் என்ற துப்பாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. மைனாவும் சோளக்குருவியும் கரிச்சானும் பிற பறவைகளின் குரலைப் போலச் செய்வதில் கைதேர்ந்தவை. பூங்காவில் இல்லாத ஒரு பருந்தின் பெயர் திரையில் தோன்றினால், அருகிலிருக்கும் கிளையில் இவர்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மகிழ்ச்சியடையலாம்.

படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் ‘ஃபோட்டோ ஐடி’ இதைவிட நம்பகமானது, அதிலும் குளத்தில் மிதக்கும் பறவைகளுக்கு. கரையிலிருந்து வாத்துகள் எட்டும் தொலைவில் இருப்பதால் கைபேசிக் கேமராவே போதும். சற்றுத் தள்ளி இருந்தால், பைனாகுலரின் ஒரு கண்ணாடியில் கைபேசியைப் பொருத்திப் பிடித்தும் எடுக்கலாம். கட்டத்துக்குள் பறவை நிறையும்படி பெரிதாக்கிக் கொடுத்தால் விடை சரியாக வரும் வாய்ப்புக் கூடும். இந்தப் பருவத்தில் ஆண் வாத்துகளின் உடை அவற்றின் ஆண்டிலேயே சிறந்தது என்பதும் செயலிக்குச் சாதகம். கோடையின் பிற்பகுதியில் ஆண் வாத்துகள் சிறகுதிர்த்துப் பெட்டையைப் போலப் பழுப்பாகிவிடும். இலையுதிர் காலத்தில் மீண்டும் வண்ணம் பூண்டு, குளிர்காலம் முழுவதும் அந்தக் கோலத்தில் இணை தேடும். காட்டு வாத்தின் பச்சைத் தலையும் ஊசிவால் வாத்தின் கழுத்தில் ஏறும் வெள்ளைக் கீற்றும் அப்போது பளிச்சென்று தெரிவதால், மங்கலான படத்திலிருந்தே செயலி பெயர் சொல்லிவிடும். நீலச்சிறகி இதற்கு ஒரு விலக்கு. அதன் ஆண் குளிர்காலத்தின் பெரும்பகுதியையும் மங்கிய உடையிலேயே கழிக்கிறது.

நேர்மாறான கதை கடற்காகங்களுடையது. கறுப்புத் தலைக் கடற்காகம் என்று பெயர் வாங்கிய பறவைக்குக் குளிர்காலத்தில் தலையில் கறுப்பே இருக்காது. கண்ணுக்குப் பின்னால் மையைத் தொட்டு வைத்தது போன்ற ஒரு பொட்டு மட்டும் மிஞ்சும். முக்குளிப்பானின் செம்பழுப்புக் கழுத்தும் அப்படித்தான் வெளிறிப்போகும். இங்கே ஃபோட்டோ ஐடி சொல்லும் முதல் பெயரோடு நின்றுவிடாமல், அந்த இனத்தின் பக்கத்தைத் திறந்து, அதில் தரப்பட்டிருக்கும் படங்களுள் இனப்பெருக்கம் அல்லாத காலத்தின் படம் எது என்று தேடிப் பார்த்து ஒப்பிட வேண்டும். ஆண், பெண், இளம்பறவை, பருவ உடை என்று தனித்தனியே படங்களும் குறிப்புகளும் வைத்திருப்பது இச்செயலியின் பெரிய பலம். சிறிய கையேடுகளில் அவ்வளவு இடம் கிடைப்பதில்லை.

இனி, நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ என்ற பெயரில் இருக்கும் இந்தப் பகுதி ஐந்து கேள்விகளைக் கேட்கிறது: எங்கே பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள், எவ்வளவு பெரியது, முதன்மையான நிறங்கள் எவை, என்ன செய்துகொண்டிருந்தது. இடமும் நாளும் தாமாகவே நிரம்பிவிடும், எனவே உண்மையில் நமக்கு மிஞ்சுவது மூன்று கேள்விகள். பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுப் போல இருக்கும் இவற்றுக்குச் சரியான விடை சொல்ல வேண்டுமானால் பறவையை ஒரு நிமிடமாவது உற்றுப் பார்த்தாக வேண்டும். குரலுக்கும் படத்துக்கும் அந்தக் கட்டாயம் இல்லை என்பதே என் மனத்தாங்கல். பத்தடி தொலைவில், ஒளிய இலையில்லாமல், பசியால் நம்மைப் பொருட்படுத்தாமல் பறவை நிற்கும் பருவம் இது. உற்றுப் பார்க்க இதைவிட வாய்ப்பான காலம் ஆண்டில் வேறு எது?

அளவுக் கேள்வியில் குருவி, காகம், பெருவாத்து போன்ற எல்லோரும் அறிந்த பறவைகளே அளவுகோல்கள். இங்கே குளிர்காலம் ஒரு தந்திரம் செய்கிறது. குளிர் தாக்கும்போது பறவை இறகுகளைச் சிலிர்த்து, இடையில் காற்றைச் சிறைப்பிடித்துக்கொள்வதால் பந்து போல உருண்டுவிடுகிறது. கழுத்து உள்ளே போய்விடுகிறது. வெயிலில் ஒல்லியாகத் தெரிந்த அதே பறவை ஒன்றரை மடங்கு பருத்துத் தோன்றுகிறது. எனவே சுற்றளவைப் பார்க்காமல் அலகு நுனியிலிருந்து வால் நுனி வரையிலான நீளத்தைக் கொண்டு அளவைத் தேர்ந்தெடுப்பதே சரி. சந்தேகமாக இருந்தால் பறவை அடுத்த கிளைக்குத் தாவும் வரை காத்திருக்கலாம். தாவும் கணத்தில் இறகு படிந்து உண்மையான உருவம் தெரிந்துவிடும்.

நிறக் கேள்வியில் மூன்று நிறங்கள் வரை குறிக்கலாம். மூன்றையும் நிரப்பிவிட வேண்டும் என்று ஆசைப்படாமல், தொலைவிலிருந்தே கண்ணில் பட்டவற்றை மட்டும் குறிப்பது நல்ல பலன் தரும். மேகமூட்டமான நாளில் வெண்மைக்கும் வெளிர்சாம்பலுக்கும் வேறுபாடு தெரியாது. நீரிலிருந்து எதிரொளிக்கும் மங்கல் வெளிச்சத்தில் வாத்தின் பச்சைத் தலை கறுப்பாகவும் ஊதாவாகவும் மாறி மாறித் தெரியும். கடைசிக் கேள்விதான் ஐந்திலும் சிறந்தது. தரையில் இருந்ததா, நீந்தியதா, மரத்திலா, கம்பியிலா, வானத்தில் வட்டமிட்டதா என்று கேட்டு, நிறத்தைவிட நடத்தையே பறவையை நன்றாகக் காட்டிக்கொடுக்கும் என்பதைச் சொல்லாமல் சொல்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். குளத்துக்கு நீர் வரும் சிறு வாய்க்காலின் விளிம்பில், குருவியைவிடச் சற்றே நீளமான பறவை ஒன்று நடக்கிறது. தத்துவதில்லை, ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நடக்கிறது. முதுகு சாம்பல், அடிவயிறு மஞ்சள், வால் உடலின் பாதிக்கும் மேல் நீளம். நின்ற இடத்திலும் அந்த வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. அளவைக் குருவிக்கு அடுத்த படி என்றும், நிறத்தைச் சாம்பல், மஞ்சள் என்றும், இடத்தைத் தரை என்றும் கொடுத்தால், பட்டியலின் மேற்பகுதியில் வாலாட்டிகள் வந்து நிற்கும். கரும்சாம்பல் வாலாட்டியா, மஞ்சள் வாலாட்டியா என்பது மட்டுமே மிச்சம். இரண்டின் பக்கங்களையும் திறந்து பார்த்தால், ஓடும் நீரை ஒட்டி வாழ்வதும் வால் மிக நீண்டிருப்பதும் முன்னதன் அடையாளங்கள் என்று தெரிந்துவிடும். செயலி தந்தது சிறு பட்டியல், முடிவு நம்முடையது. இப்படிக் கண்டுபிடித்த பெயர் அடுத்த குளிர்காலம் வரை மறப்பதில்லை, திரையில் மின்னி மறைந்த பெயர் மாலைக்குள் மறந்துபோகிறது.

இந்தப் பட்டியலை இடத்துக்கும் நாளுக்கும் தகுந்தவாறு சுருக்கித் தருவது மெர்லினுக்குப் பின்னால் இருக்கும் இபேர்ட் என்ற தரவுத்தளம். 2002இல் தொடங்கி, உலகெங்கும் உள்ள பறவை ஆர்வலர்கள் தாங்கள் பார்த்தவற்றைப் பதிந்துவரும் இதில் 2021இல் பதிவுகள் நூறு கோடியைத் தாண்டின. எந்த ஊரில் எந்த வாரத்தில் எந்தப் பறவை எவ்வளவு அடிக்கடி பதிவாகிறது என்பதை வைத்து, இன்று இங்கே காணக்கூடிய பறவைகள் இவை என்று செயலி ஒரு வரிசையைக் காட்டுகிறது. குளிர்காலத்தில் ஆட்கள் கூடிப் பறவைகளை எண்ணும் வழக்கம் இதற்கு நூறாண்டு முந்தையது: 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், விடுமுறை வேட்டைக்கு மாற்றாக எண்ணிப் பார்ப்போம் என்று அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் விடுத்த அழைப்பை ஏற்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள்; அவற்றுள் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கும் ஒன்று. பூங்காவுக்குக் கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்து இந்தக் குளிர்கால வரிசையில் முதல் முப்பது பெயர்களை ஒருமுறை புரட்டிவிட்டுப் போவது, அங்கே போய்த் திரையைத் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஆயிரம் பங்கு மேல். பல ஊர்களில் கோடைப் பட்டியலைவிட இது குறுகியது என்பதால் புதிதாகத் தொடங்குகிறவர் திணறமாட்டார்.

வரிசையில் அரிதானது என்று செயலி அடையாளமிட்டுக் காட்டும் பெயர்களை நகரப் பூங்காவில் இரட்டிப்பு எச்சரிக்கையோடு அணுக வேண்டும். பூங்காக் குளங்களில் தப்பிவந்த வளர்ப்புப் பறவைகள் அடிக்கடி சேர்ந்துகொள்கின்றன. 2018 அக்டோபரில் சென்ட்ரல் பார்க்கின் குளத்தில் திடீரென்று தோன்றி, அந்தக் குளிர்காலம் முழுவதும் கூட்டம் சேர்த்த மாண்டரின் வாத்து கிழக்காசியாவைச் சேர்ந்தது. அதன் காலில் இருந்த வளையம் அது யாரோ வளர்த்தது என்பதைக் காட்டியது. இப்படிப்பட்ட பறவையை இடத்தை வைத்துச் சுருக்கும் எந்தப் பட்டியலும் எதிர்பார்க்காது. காட்டு வாத்தும் பண்ணை வாத்தும் கலந்து பிறந்த, மார்பில் வெள்ளைத் திட்டுடன் அளவுக்கு மீறிப் பருத்த வாத்துகளும் எல்லாப் பூங்காக்களிலும் உண்டு; அவற்றின் படத்தைக் கொடுத்தால் ஃபோட்டோ ஐடி திணறுவது இயல்புதான். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நிலைபெற்றுவிட்ட பச்சைக்கிளிகளைப் போல, வந்தேறி நெடுங்காலமானவற்றைச் செயலி அறிந்திருக்கிறது.

பெயரைக் கண்டுபிடித்ததும் செயலியின் வேலை முடிந்துவிடுகிறது, பார்ப்பவரின் வேலை முடிவதில்லை. ஆண்டி வாத்துகள் பத்துப் பதினைந்து சேர்ந்து, முன்னால் போகும் வாத்தின் வாலுக்குப் பின்னால் அடுத்ததன் அகன்ற அலகு நீரைச் சலிக்க, ஒரே வட்டமாகச் சுழன்றுகொண்டிருக்கும். சுழற்சியில் அடிநீர் கலங்கி மேலே வரும் சிற்றுயிர்களே அவற்றின் உணவு. கரையில் வரிசையாக உறங்கும் காட்டு வாத்துகளில் ஓரத்தில் இருப்பதைப் பைனாகுலரில் பாருங்கள்: கூட்டத்தின் பக்கம் உள்ள கண் மூடியிருக்கும், வெளிப்பக்கக் கண் திறந்திருக்கும். மூளையின் ஒரு பாதி உறங்க மறுபாதி காவல் இருக்கிறது என்று 1999இல் ஆய்வாளர்கள் காட்டிய செய்தி இது. இவ்வகைச் செய்திகள் மெர்லினின் பறவைப் பக்கங்களில் கிடைப்பதில்லை. அங்கே இருப்பவை அடையாளம் காண உதவும் இரண்டு மூன்று வரிகளே. கார்னெல் ஆய்வகத்தின் இணையதளத்தில் இதற்கு மேல் எவ்வளவோ இருக்கும்போது, செயலிக்குள் நடத்தையைப் பற்றி இன்னும் ஒரு பத்தியாவது சேர்த்திருக்கலாம்.

பூங்காவின் மற்ற உயிர்களைப் பற்றி மெர்லின் வாய் திறப்பதில்லை. அணில், வௌவால், நரி, தும்பி என்று எதைக் கேட்டாலும் அதற்குத் தெரியாது. அவற்றுக்கு, 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் செயலியைத்தான் நாட வேண்டும். குரலுக்கு மட்டும் தனியாக ஒரு செயலி வேண்டுவோருக்கு, கார்னெலும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய பேர்ட்நெட் இருக்கிறது. அது ஒலியின் ஒரு துண்டை நாமே தேர்ந்தெடுத்துக் கேட்க இடம் தருகிறது. ‘ச்சிப்’ காலத்துக்கு அந்த நிதானம் பொருத்தமானது.

கைபேசி தொடர்பான சில நடைமுறைச் செய்திகள். ஊருக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். நிறைய இடம் பிடிக்கும், ஆனால் பிறகு இணையம் இல்லாமலே எல்லாம் நடக்கும். கடுங்குளிரில் கைபேசி மின்கலம் வேகமாகச் சோர்ந்துபோகும் என்பதால் வெளிப்பையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய பையில் வைப்பது நல்லது. கம்பளிக் கையுறையோடு திரையைத் தொட முடியாது. ஐந்து கேள்விகளுக்கு விடை சொல்வதற்குள் விரல் விறைத்துவிடும் இடங்களில், பார்த்ததை மனத்தில் குறித்துக்கொண்டு பிறகு பதிவதே மேல். கேள்விகள் பறவை பறந்துபோன பின்பும் கேட்கக் காத்திருக்கும் என்பது அவற்றின் இன்னொரு சௌகரியம்.

ஒரு குறையைக் கடுமையாகவே சொல்ல வேண்டும், அதில் செயலியைவிடப் பயன்படுத்துவோருக்கே பொறுப்பு அதிகம். ஒவ்வொரு பறவையின் பக்கத்திலும் அதன் குரலை ஒலிக்கவைக்கும் பொத்தான் உண்டு. ஒப்பிட்டுக் கேட்பதற்காக வைக்கப்பட்ட அதைப் பலர் பறவையை வெளியே வரவழைக்கும் தூண்டிலாகப் பயன்படுத்துகிறார்கள். குளிர்காலத்தில் சிறு பறவை பகல் முழுவதும் தேடிச் சேர்த்த கொழுப்பை இரவெல்லாம் எரித்துத்தான் உயிரோடு விடிகிறது. இல்லாத எதிரியை விரட்டக் கிளைக்குக் கிளை அலையும் நேரம் அதற்கு இரைதேடும் நேரத்திலிருந்து கழிகிறது. பகலில் பொந்தில் உறங்கும் ஆந்தைக்கும் இதே கதிதான், அதன் இருப்பிடத்தைப் பொதுவில் அறிவிப்பதும் கூடாது. காதில் செருகும் கருவியில் கேட்டுக்கொண்டால் யாருக்கும் தொல்லையில்லை.

அடையாளம் கண்ட பறவையை ‘இதுதான் என் பறவை’ என்று உறுதிசெய்து சேமித்தால், இடமும் நாளும் சேர்ந்து உங்கள் பட்டியலில் ஏறிக்கொள்கிறது. 1998இல் தொடங்கி, 2013 முதல் உலகம் முழுவதும் நடக்கும் ‘கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட்’ என்ற பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாட்கள் நடைபெறுகிறது. அந்த நாட்களில் மெர்லினில் சேமிக்கும் பறவையும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் எத்தனை பறவைகள் என்று மெர்லின் கேட்பதில்லை. குளத்தில் ஒரே ஒரு நாமக்கோழி இருந்தாலும் இருநூறு இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். எண்ணிக்கையோடு பதிய விரும்புகிறவர்கள் இபேர்டின் தனிச் செயலியையும் இறக்கிக்கொள்ள வேண்டும். குறைந்தது 15 நிமிடங்கள் ஓரிடத்தில் நின்று, பார்த்த எல்லா இனங்களையும் எண்ணிக்கையோடு அதில் எழுதலாம்.